பக்கத்து சீட்காரர் சொன்னால் ஏன் சுடுகிறது?

ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருகிறார் கணவர். காபி வேண்டாம் என்கிறார். டி.வி. பக்கமே போகவில்லை. "என்னங்க, மேனேஜர் ஏதாவது சொன்னாரா?" என்று மனைவி கேட்டால், "மேனேஜர் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. கூட வேலை பார்க்கிறவன் சொல்லிட்டான்!" என்று பதில் வருகிறது.

பல வீடுகளில் நடப்பதுதான். மேலதிகாரி திட்டினால் 'அவர் வேலை அது' என்று மனசு சமாதானம் ஆகிவிடும். அதையே பக்கத்து சீட்காரர் சொன்னால் சுருக்கென்று தைக்கிறது. ஆனால், நம் வேலையை நாள் முழுக்க அருகிலிருந்து பார்ப்பவர் அவர்தானே? மேனேஜர் கண்ணில் படாத குறையும் நிறையும் அவர் கண்ணில் பட்டுவிடும். ஆகவே சக ஊழியரின் வார்த்தை மருந்து மாதிரி. அளவும் முறையும் சரியாக இருந்தால் குணப்படுத்தும். தப்பினால் வேலையோடு உடம்பையும் கெடுக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாலு பேர் முன்னால் நம்மை எடை போடுகிறார்கள் என்று தெரிந்ததுமே, ஆபத்தைக் கண்ட மாதிரி உடம்பு தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. சிறிது நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடுகிறது.

மன அழுத்தம் பற்றிய 208 ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கார்ட்டிசாலை மிக அதிகமாக ஏற்றியது எது தெரியுமா? 'மற்றவர்கள் என்னை மதிப்பிடுகிறார்கள். அதை மாற்ற என் கையில் ஒன்றுமில்லை' என்ற இரண்டும் சேர்ந்த நிலைதான்.

எப்போதாவது ஒரு தடவை என்றால் உடம்பு தானாகவே தணிந்துவிடும். தினமும் இதே கதை என்றால் தூக்கம் கெடும். வயிறு தகராறு செய்யும். ஏற்கெனவே பி.பி. உள்ளவர்களுக்கு அதைக் கட்டுக்குள் வைப்பது சிரமமாகும்.

சொன்னால் திருந்துவார்களா?

"குறையை எடுத்துச் சொன்னாத்தானே திருந்துவாங்க?" என்று கேட்கலாம். எப்போதும் அப்படி இல்லை. குளூகர், டெனிசி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், வேலை பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன பலன் என்று 600-க்கும் மேற்பட்ட முடிவுகளை அலசி 1996-ல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் வேலை முன்னேறியிருந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது!

அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. வேலையின் மேல் இருக்கும் கவனம் 'நான் எப்படிப்பட்டவன்?' என்ற பக்கம் திரும்பிவிட்டால் பலன் குறைந்துவிடுகிறது. "நீங்க எப்பவுமே அலட்சியம்" என்றால் கேட்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "மூணாவது பக்கத்துல ஒரு தொகை விட்டுப்போச்சு" என்றால் பேனாவை எடுத்துத் திருத்துவார்.

ஆஸ்பத்திரி கற்றுத்தந்த பாடம்

அமெரிக்காவின் ஏமி எட்மண்ட்சன், இரண்டு ஆஸ்பத்திரிகளின் எட்டு வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான நர்ஸ் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். 1996-ல் வெளியான முடிவோ தலைகீழ். நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன!

என்ன காரணம்? அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதல்ல. நடந்ததை மறைக்காமல் பேசினார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். தலைமை நர்ஸ் எரிந்து விழாத வார்டில் ஒருவர் தவறை இன்னொருவர் பிடித்தார், சரிசெய்தார்கள். பயம் இருந்த இடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பேப்பரில் தவறு குறைவு. படுக்கையில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம்.

ஆபரேஷன் தியேட்டருக்கென உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் டாக்டர், மயக்க மருந்து நிபுணர், நர்ஸ் என எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்வதும் அதில் ஒன்று. ஒருமுறை வாய் திறந்தவருக்கு, "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று மறுபடி சொல்லத் துணிச்சல் வரும் அல்லவா? டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பின் உயிரிழப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பட்டியலில் மற்ற பல அம்சங்களும் உண்டு என்றாலும், கூட இருப்பவர் பேச இடம் தருவது அதில் முக்கியமான ஒன்று.

மேனேஜர் செய்ய வேண்டியது

பேச வைப்பதும் வாயடைப்பதும் மேலே இருப்பவர் கையில்தான் இருக்கிறது. சக ஊழியர்களோடு ஒப்பிட்டு, இவர் மேலே, அவர் கீழே என்று வரிசைப்படுத்தும் முறை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் இருந்தது. கூட்டாக வேலை செய்வதற்கு அது இடைஞ்சல் என்ற குறை எழுந்து, 2013-ல் அதைக் கைவிட்டார்கள். பக்கத்து சீட்காரரின் வார்த்தை இன்கிரிமென்டை வெட்டும் என்றால், யாருக்குத்தான் மனம் திறந்து பேச வரும்? சக ஊழியர் கருத்தைக் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள், தண்டிக்க வேண்டாம். முதலில், "என் வேலையில் எதை மாத்தலாம்?" என்று மேனேஜரே கேட்கட்டும். பதில் சொன்னவரை முறைக்காமலும் இருக்கட்டும்!

சொல்பவருக்கும் கேட்பவருக்கும்...

* குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கேன்டீனில் நாலு பேர் முன்னால் வேண்டாம்.

* ஒரு நேரத்தில் ஒரே விஷயம். போன வருஷத்துக் கணக்கைத் தூசி தட்டாதீர்கள்.

* ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். "இப்படிச் செஞ்சு பார்க்கலாமா?" என்று வழியும் காட்டுங்கள்.

* கேட்பவர் உடனே பதிலடி கொடுக்க வேண்டாம். நிதானமாக நாலைந்து முறை மூச்சை இழுத்து விடுங்கள். "எந்த இடத்துல தப்பு? ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று கேளுங்கள். உதாரணம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் வெறும் புறணி, விட்டுத்தள்ளுங்கள்.

* சில வாரங்களாகத் தூக்கமில்லை, பசியில்லை, ஆபீஸ் என்றாலே படபடப்பு என்றால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி என்றால் 'டென்ஷன்தான்' என்று ஒதுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டிலும் இதே விதிதான். "உனக்குச் சமைக்கவே வராது" என்றால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். "இன்னிக்கு சாம்பார்ல புளி கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு சாம்பார் சரியாக இருக்கும்!