முகமூடியும் முகமும்: கண்ணேறுப் பூதம், மெண்டே சோவெய், மெலட்டூர் நரசிம்மர்

பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச்சாலையை ஒட்டிய கோவிலம்பாக்கத்தில், கட்டுமானப் பணி நடைபெறும் வீடுகளின் முகப்பில் பூதமுகம் தொங்கக் காணலாம். பிதுங்கிய விழி, முறுக்கிய மீசை, கோரைப்பல், நீண்ட நாக்கு ஆகியன அதன் மாறா உறுப்புகள். காண்பவரின் முதற்பார்வையைக் கட்டடத்தினின்று தன்பால் இழுத்துக் கண்ணேற்றைத் தானே ஏற்கும் என்பது நம்பிக்கை. விழிகள் மிகைப்படுத்தப்படுவதன் காரணமும் அதுவே. இதனை எவரும் அணிவதில்லை. எதனையும் மூடாத ஒன்றை 'முகமூடி' என வழங்குவது பொருந்துமா என்னும் வினா இங்கு எழுகிறது.

இவ்வினா ஆப்பிரிக்கக் கலைக்கும் உரியது. சியரா லியோனின் மெண்டே மக்களிடையே, சாண்டே என்னும் மகளிர் அமைப்பு பெண்மக்களைப் பருவநிலைக்கு ஆயத்தம் செய்கிறது. அதன் சடங்கில் அணியப்பெறும் சோவெய், ஒரே மரத்துண்டில் குடைந்து கருமையூட்டி மெருகேற்றிய தலைக்கவசம். செதுக்குவோர் ஆடவர், அணிந்தாடுவோர் பெண்டிர். மரமுகத்தைப் பெண்கள் அணிவது ஆப்பிரிக்காவில் அரிது. அகன்ற நெற்றி அறிவையும், சிறிய மூடிய வாய் அடக்கத்தையும், கழுத்து மடிப்புகள் நலத்தையும் செழிப்பையும் குறிப்பனவாக விளக்கப்படுகின்றன. உடலை மறைக்கும் கருநிற நாராடையும் ஆட்டமும் சேர்ந்ததே சோவெய். அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் எஞ்சுவது மரம் மட்டுமே.

தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூர் பாகவத மேளா இவ்வேறுபாட்டை ஒரே மேடையில் காட்டுகிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் நடிக்கப்பெறும். தொடக்கத்தில் சிறுவனொருவன் விநாயகர் முகமணிந்து ஆடிச் செல்வான், அது வேடம். நரசிம்மர் முகமோ கோயிலில் வைத்து வழிபடப்பெறுவது. அதனைத் தரிப்பவர் முன்னதாக நோன்பிருக்கிறார். தரித்தபின் அவர் ஆவேசமுற்று இரணியன்மீது பாய்வதும், உடனிருப்போர் பிடித்து நிறுத்துவதும் நாடகக் குறிப்பால் மட்டும் விளங்குவன அல்ல. மறைப்பு அங்கு நிகழ்கிறதெனின், மறைவது நடிகரே; முகம் வெளிப்படுகிறது.

ஆய்வேடுகள் பலவும் முகமூடிகளை மரம், காகிதக்கூழ், களிமண் எனப் பொருள்வழியே பகுக்கின்றன. கைவினை வரலாற்றுக்கு அப்பகுப்பு பயன்தரும். ஆனால், விநாயகரையும் நரசிம்மரையும் அது ஒரே நிரலில் நிறுத்திவிடும். அணிபவர் யார், அணியுமுன் செய்வது என்ன, ஆடாத நாளில் எங்கு வைக்கப்படுகிறது என்னும் மூன்றும் பதிவுப் படிவத்தில் இடம்பெறுதல் வேண்டும். கோவிலம்பாக்கத்துப் பூதமுகத்திற்கு முதல் நிரல் வெற்றிடமாகவே இருக்கும். அவ்வெற்றிடமும் ஒரு தரவே.