பனியைப் பிடித்து வைக்கும் புல் (ஆல்ப்ஸ் பயணம் – 6)

சென்ற வாரம் லாட்டர்புரூன்னன் பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்தோமே, அந்தச் செங்குத்துப் பாறையின் விளிம்பில்தான் ம்யூரன் கிராமம் இருக்கிறது. உயரம் 1,638 மீட்டர். காரில் போக வழி கிடையாது. கேபிள் காரில் க்ரூட்ச்சால்ப் வரை ஏறி, அங்கிருந்து 1891 முதல் ஓடும் சின்ன ரயிலைப் பிடிக்கலாம். வழியெல்லாம் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என மூன்று சிகரங்களும் கூடவே வரும்.

நான் முதலில் போனது ஜனவரியில். ஊரே பனிச்சறுக்குக்காரர்கள் கையில் இருந்தது. இன்றைய ஸ்லாலம் பந்தயத்துக்கு 1922-இல் ஆர்னால்ட் லன் உருவம் கொடுத்தது இந்தச் சரிவுகளில்தான். 1931-இல் ஆல்பைன் சறுக்கின் முதல் உலகப் போட்டியும் இங்கேதான் நடந்தது. பெண்களும் கலந்துகொண்டார்கள், எஸ்மி மெக்கின்னன் பெண்களுக்கான இரண்டு பந்தயங்களிலும் வென்றார். எனக்குச் சறுக்கத் தெரியாது. ஊருக்கு மேலே பனிக்குள் புதைந்து, கூரை மட்டும் தெரிந்த ஒரு மரக்கொட்டகையின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஜூலையில் மறுபடி போனபோது அதே கொட்டகையைத் தேடினேன். கதவு, சுவர் எல்லாம் வெளியே வந்திருந்தன. உள்ளே கழுத்தளவு வைக்கோல் வாசனை. இல்லை, வைக்கோல் என்று சொல்லக்கூடாது, பூவோடு சேர்த்துக் காயவைத்த மலைப்புல். வெளியே ஒரு பெரியவர் நீண்ட பிடி போட்ட அரிவாளால் சரிவை அறுத்துக்கொண்டிருந்தார். பத்து வீச்சுக்கு ஒருமுறை நிற்பார். ஒரு பிடி புல்லால் அலகைத் துடைப்பார். இடுப்பில் தொங்கும் கொம்புக் கூட்டில் தண்ணீரில் ஊறும் சாணைக்கல்லை எடுத்து, இருபுறமும் மாற்றி மாற்றி இழுப்பார். அந்தச் சத்தம் சரிவு முழுக்கக் கேட்டது.

மாட்டுத் தீவனத்துக்காகத்தானே என்று கேட்டேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் மொழிபெயர்த்துச் சொன்னார்: “அதற்கும்தான். ஆனால் அறுக்காமல் விட்டால் புல் நீளமாக வளர்ந்து, பனியின் பாரத்தில் கீழ்நோக்கிப் படுத்துவிடும். நனைந்த பாய் மாதிரி வழுக்கும். மேலே கிடக்கிற பனி மொத்தமாகச் சரிந்து வரும். ஒட்ட அறுத்த கட்டைப்புல்தான் பனியைப் பிடித்து வைக்கும்.”

ஜனவரியில் என் காலடியில் அத்தனை பனியும் அசையாமல் கிடந்ததில் இந்த அரிவாளுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சறுக்க வருகிறவர்கள் லிஃப்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். இவரை யார் நினைக்கிறார்கள்? அன்று மாலை வரை மரவாரியால் புல்லைக் கூட்டிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கிளம்பும்போது பெரியவர் மேலே ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. உரியவர் கீழே பட்டணத்துக்குப் போய் மூன்று வருடம் ஆகிறதாம்.

“முழங்கால் ஒத்துழைத்தால் ஆகஸ்டில் அதையும் அறுத்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டு, மறுபடி சாணைக்கல்லை எடுத்தார்.

(தொடரும்)