சமமானோரின் தரநிலை: விரிதாட் சார்பொன்றை நிரல் நூலகத்தில் அமைத்தல்

ஒருவரது தரநிலையை, அவர் பெற்ற புள்ளியைப் போன்றே அவருக்குரிய பண்பாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின் தரநிலை என்பது அவருக்கும் ஏனையோருக்கும் இடையிலான உறவேயாகும். பட்டியலிற் புதிதாக ஒருவர் சேர்ந்தால், எதுவும் செய்யாதிருந்த இன்னொருவரின் தரநிலை மாறிவிடும். இவ்வுறவினை ஒரு கலத்தினுள் எண்ணாக உறையவைப்பதே எக்செல் விரிதாளின் 'ராங்க்' சார்பு. பைதன் மொழிக்குரிய பாண்டாஸ் நூலகத்தில் அதனை மீளவமைக்க முற்படும்போது, அதனுள் மறைந்து கிடக்கும் தீர்மானங்கள் வெளிப்படுகின்றன.

சார்பின் தருக்கம் எளிது. குறித்த எண்ணிலும் பெரியவை எத்தனையென எண்ணி ஒன்றைக் கூட்டினால் தரநிலை கிடைக்கும். இதனை அவ்வாறே நிரலாக்கின் 1,000 பேருக்கு ஏறத்தாழ 10 இலட்சம் ஒப்பீடுகள் வேண்டும்; முதலில் வரிசைப்படுத்திக்கொண்டால் 10,000 அளவில் அடங்கும்.

சிக்கல் சமமானோரிடத்தேயே தோன்றுகின்றது. 82, 75, 75, 75, 60 என்னும் ஐந்து புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். எக்செலின் ராங்க் இவற்றுக்கு 1, 2, 2, 2, 5 என விடையளிக்கும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் இதே முறை 'ராங்க்.ஈக்யூ' எனப் பெயர்பெற்றதுடன், சமமானோருக்குச் சராசரி வழங்கும் 'ராங்க்.ஏவிஜி'யும் சேர்க்கப்பட்டது, அதன்படி விடை 1, 3, 3, 3, 5. தரநிலைகளின் கூட்டுத்தொகை 15 ஆகவே பேணப்படுவதால் புள்ளிவிபரவியலாளர் இதனை விரும்புவர். பாண்டாஸ் நூலகத்தின் இயல்பிருப்பும் இச்சராசரி முறையே. அன்றியும் அது சிறிய எண்ணுக்கே முதலிடம் அளிப்பது. எனவே எக்செலின் விடையைப் பெற விரும்புவோர் 'மின்' என்னும் முறையையும் இறங்குவரிசையையும் வெளிப்படையாகவே குறிப்பிடுதல் வேண்டும். தவறின், வகுப்பின் முதல் மாணவி கடைசியாகிவிடுவாள்!

தரநிலை இரண்டு வரையுள்ளோருக்கே புலமைப்பரிசில் எனக் கொள்வோம். 'மின்' முறையில் நால்வர் பெறுவர். சராசரி முறையில் ஒருவரே பெறுவார். 'ஃபேர்ஸ்ட்' என்னும் முறையோ அட்டவணையில் முந்தி நிற்பவரை முற்படுத்தி, 1, 2, 3, 4, 5 என்று ஐயத்துக்கிடமின்றிப் பிரித்துவிடும். பட்டியல் அகரவரிசையில் அமைந்திருப்பின் பெயரின் முதலெழுத்தும், விண்ணப்பம் கிடைத்த ஒழுங்கில் அமைந்திருப்பின் கந்தோருக்கு அண்மையில் வாழும் வாய்ப்பும் இங்குத் தகுதியாக மாறுகின்றன. நடுநிலையான கணிதம் என நாம் நம்புவதனுள் சமூக ஏற்றத்தாழ்வு நுழையும் வழி இதுவே. நிரலாளர் அதனை அறியாமலும் இருக்கலாம்.

சமத்துவத்தைக் கணனி காணத் தவறும் சந்தர்ப்பமும் உண்டு. தசமங்களை அது இரும வடிவிற் சேமிப்பதால் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை அதற்கு 0.3க்குச் சமமன்று. பகுதிப் புள்ளிகளைக் கூட்டிப் பெற்ற இரு சமமான முடிவுகள் இவ்வாறு வெவ்வேறு தரநிலைகளைப் பெற்றுவிடலாம். தரப்படுத்துமுன், பெறுபேறுகள் வெளியிடப்படும் தசமதானத்துக்கு மட்டந்தட்டுதல் இன்றியமையாதது.

வெற்றுக் கலங்கள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எக்செல் வீச்சிலுள்ள எண்ணல்லாதவற்றைப் புறக்கணிக்கும். பாண்டாஸ் அவற்றுக்குத் தரநிலை வழங்காது விட்டுவிடும். வசதி கருதி அவற்றைப் பூச்சியத்தால் நிரப்புவோர் உளர். ஏறுவரிசையில் தரப்படுத்தப்படும் ஓட்டப்போட்டியொன்றில் அவ்வாறு செய்யின், ஓடாதவரே பூச்சியம் செக்கனில் முதலிடம் பெறுவார்.