கானுக்குள் இருக்கும் வழுவழுப்பு

வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் பீலித் தண்ணீரைக் கானில் பிடித்து வைக்காத லயம் அரிது. முகாம்களில் வாழ்ந்த சகோதரிகளுக்கும் கானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்த இரண்டு மூன்று சாமான்களில் அதுவும் ஒன்று. அதன் வாய்க்குள் விரலை விட்டு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஏதோ படும்.

பாசி என்று நினைத்து அலசி ஊற்றிவிடுகிறோம். பச்சை நிறம் இல்லையென்றால் அது பெரும்பாலும் பாசியல்ல. பக்டீரியாக்கள் கட்டிய குடியிருப்பு. இதனை உயிர்ப்படலம் என்பார்கள். காலையில் பல்லில் தட்டுப்படும் படிவும் இதே இனம்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கு முதலில் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லியதாகப் படிகிறது. அதில் பக்டீரியாக்கள் தளர்வாக ஒட்டுகின்றன. அப்போதே கழுவினால் இலகுவில் போய்விடும். விட்டுவிட்டால் பசை போன்ற ஒன்றைச் சுரந்து தம்மைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. இரசாயனப் பொருட்களை வெளிவிட்டு ஒன்றுக்கொன்று சேதியும் சொல்லிக்கொள்கின்றன. பசைக்குள் இருப்பவற்றைக் குளோரின் இலகுவில் எட்டுவதில்லை. படலம் முற்றியதும் சில பிரிந்து, நீரோடு போய் வேறிடத்தில் குடியேறும்.

கடலிலும் இதுவே நடக்கிறது. மலையில் இருக்கும் நமக்குக் கடல் எதற்கு என்று கேட்கலாம். வெலிமடையைத் தொட்டு இறங்கும் உமா ஓயா மகாவலியில் சேர்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் எறிந்த மருந்துப் போத்தல் அணைக்கட்டில் சிக்கலாம். ஆனால் நொறுங்கிய துண்டுகளில் சில மூதூர்ச் சகோதரியின் கரையை எட்டக்கூடும். 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் மட்டும் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2013 இல் வட அத்திலாந்திக் கடலின் பிளாஸ்டிக் துண்டுகளை ஆராய்ந்தபோது, ஒரு துண்டில் இருந்த பக்டீரியாக்களில் ஏறத்தாழக் கால்வாசி விப்ரியோ இனமாக இருந்தது. விப்ரியோ எல்லாமே நோய் தருவதில்லை. ஆனால் வாந்திபேதிக் கிருமி அந்த இனம்தான். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையரை வழியிலேயே மாய்த்த கிருமி அது. வேகாத மீன், இறால் வழியாக வயிற்றைக் கெடுக்கும் விப்ரியோவும் உண்டு. வேறொன்று கடல்நீர் பட்ட காயத்தின் வழியே உடம்பில் ஏறும். நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. மீன் வெட்டும்போதோ வலை இழுக்கும்போதோ பட்ட காயம் விரைவாக வீங்கி, சிவந்து, கொப்புளம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடல்நீர் பட்டது என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த ஒட்டும் குணத்தையே நமக்குச் சாதகமாக்கியவர் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. வாந்திபேதிக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய உயிரினங்களில் ஒட்டி வாழ்கிறது. கிருமி துணியில் நிற்காது. அது ஒட்டியிருக்கும் உயிரினம் நிற்கும். பங்களாதேஷ் கிராமங்களில் பெண்கள் பழைய சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடித்தபோது, வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2003 இல் வெளியான முடிவு இது. புதுச் சேலையைவிடப் பழையதே நல்லது. துவைத்துத் துவைத்து இழை நெருங்கியிருக்கும். பிறகு கொதிக்க வைப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

விறகு செலவழித்துக் கொதிக்க வைத்த தண்ணீரை அதே வழுவழுத்த கானில் ஊற்றினால் பாடெல்லாம் வீண். குளோரின் மட்டும் போட்டாலும் போதாது, படலத்தை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். கை நுழையாத கானில் ஒரு பிடி அரிசியும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மணலும் கல்லும் வேண்டாம். அவை போடும் கீறல்களில்தான் படலம் மறுபடி பிடிக்கும். அலசிய பின் குளோரின் நீர் விடலாம், அளவைப் பீ.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகக் கானைக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். மூடியின் உட்புறப் புரியையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.