மிருதங்கமும் ஒலிபெருக்கிப் பெட்டியும்

பாலக்காடு தந்த மிருதங்க மேதை மணி ஐயர் (1912–1981), ஒலிபெருக்கியின்றியே கச்சேரி நடைபெற வேண்டும் என்று வற்புறுத்தியவர். இக்கருவியின் இயல்பான நாதத்தை ஒலிபெருக்கியில் பெறுவது அரிதாவது ஏன்?

மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய சோறு, தோலின் மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக இசைவிக்கிறது. சி. வி. இராமனும் எஸ். குமாரும் இதனை 1920-இல் விளக்கினர். தொப்பி எனப்படும் இடந்தலையில் ரவைப் பசை அப்புவதால் தாழ்ந்த ஒலி பிறக்கிறது. வீட்டு ஒலிபெருக்கி முதலில் இழப்பது இத்தொப்பி நாதத்தையே.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று தளர்கிறது. விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். இத்தகைய நீண்ட அலைகள் சிறு கூம்பின் விளிம்பைச் சுற்றிக் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அலைநீளம் குறைந்த உயர்ந்த ஒலிகள் தப்புகின்றன.

கூம்பை மூடிய பெட்டியில் பொருத்தினால் பின்னலை அடைபடும். ஆனால் பெட்டி மிகச் சிறிதாயின், உள்ளிருக்கும் காற்று சுருள்வில்லைப் போல் விறைத்துத் தாழ்ந்த ஒலியைக் குறைக்கும். பெட்டியில் துளையிட்டால் துளையின் காற்றும் அதிர்ந்து துணைசெய்யும். எனினும் அளவு பிழைத்தால், அடி ஓய்ந்த பின்னும் ஒலி நீண்டு, மிருதங்கச் சொற்கள் மங்கும். இவ்விரு பெட்டிகளுள் எது சிறந்தது என்பதே வல்லுநரிடையே நெடுநாள் வாதம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். பெட்டியில்லாத ஒலிபெருக்கியில் மிருதங்க இசையை ஒலிக்கச் செய்து, கூம்பின் அளவுக்குத் துளையிட்ட பெரிய அட்டையை அதன் முகத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். தொப்பியின் நாதம் திரள்வதை மாணவர் செவியாலேயே உணர்வர். ஒலிபெருக்கி வாங்குவோரும் அதன் உரப்பை மட்டும் நோக்காது, தொப்பியின் நாதத்தைக் கேட்டுத் தெளிதல் நன்று.