22 பேர்.. ஒரே படகு.. 2 நிமிட ரேஸ்! டிராகன் படகுப் போட்டியை மீடியா எப்படிக் காட்டுகிறது? - எக்ஸ்ப்ளெய்னர்

2018 ஆகஸ்ட் 26. இந்தோனேசியாவின் பாலெம்பாங் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கான 500 மீட்டர் டிராகன் படகுப் போட்டியில் கொரிய அணி 2 நிமிடம் 24 விநாடிகளில் எல்லைக் கோட்டைத் தொட்டது. இரண்டாவதாக வந்த சீன அணிக்கும் அவர்களுக்கும் ஒரு விநாடி வித்தியாசம்கூட இல்லை.

அந்தப் படகில் இருந்தது வட கொரிய, தென் கொரிய வீராங்கனைகள் சேர்ந்த கூட்டு அணி. பெரிய பல்விளையாட்டுப் போட்டி ஒன்றில் கொரிய கூட்டு அணி வென்ற முதல் தங்கம் அது. இரண்டு நாட்டு தேசிய கீதமும் இல்லாமல், இருவருக்கும் பொதுவான 'அரிராங்' பாடல் மேடையில் ஒலித்தது. உலகம் முழுக்க செய்தி ஆனது.

ஆனா, அந்தச் செய்தியைப் படிச்ச எத்தனை பேருக்கு அது என்ன விளையாட்டு, எப்படி ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சிருக்கும்? டிராகன் படகுப் போட்டிக்கு எப்பவும் இருக்கிற சிக்கல் இதுதான். அது செய்தியில் வராமல் இல்லை. வருகிறது. ஆனால் படகைச் சுற்றி இருப்பது எல்லாம் வருகிறது, ரேஸ் மட்டும் வருவதில்லை. ஏன் இப்படி? வாங்க பார்ப்போம்.

டிராகன் படகுப் போட்டின்னா என்ன?

முன்பக்கம் டிராகன் தலை, பின்பக்கம் வால். சுமார் 12 மீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான படகு. நிலையான பெரிய படகில் 22 பேர். இருவர் இருவராக 10 வரிசையில் 20 பேர் துடுப்பு போடுவார்கள். முன்னால் ஒருவர் முரசு அடிப்பார். பின்னால் ஒருவர் நீளமான துடுப்பைப் பிடித்து நின்றபடி திசை பார்ப்பார். சிறிய படகு என்றால் துடுப்பு போடுபவர்கள் 10 பேர்.

200, 500, 1000, 2000 மீட்டர் என்று தூரங்கள் உண்டு. 500 மீட்டர் ரேஸ் ஏறக்குறைய 2 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இங்கேயே ஒரு குழப்பம் வரும். நம்ம செய்திகளில் எல்லாமே 'படகுப் போட்டி' அல்லது 'துடுப்புப் படகுப் போட்டி'தான். ஆனால் ரோயிங் வேறு, கனோயிங் வேறு. ரோயிங்கில் வீரர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும். டிராகன் படகில் போகும் திசையைப் பார்த்து உட்காருவார்கள். துடுப்பு எதிலும் மாட்டியிருக்காது, கையில் மட்டும்தான் இருக்கும். 2018 ஆசிய போட்டியின் அட்டவணையில்கூட இதன் பெயர் 'டிராகன் படகு' இல்லை, கனோயிங் பிரிவில் 'பாரம்பரியப் படகுப் போட்டி'.

திருவிழா செய்தியா? விளையாட்டு செய்தியா?

சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. நம்ம கணக்குக்கு மே கடைசி அல்லது ஜூன் மாதத்தில் வரும். அன்றைக்கு வரும் செய்திகளில் ஒரே கதையை மறுபடி மறுபடி பார்க்கலாம். சூ யுவான் என்ற கவிஞர் தன் நாடு வீழ்ந்த துயரத்தில் மிலுவோ ஆற்றில் குதித்து உயிரை விட்டார், மக்கள் படகில் போய்த் தேடினார்கள், மீன்கள் அவர் உடலைத் தின்னாமல் இருக்க அரிசி உருண்டைகளை ஆற்றில் போட்டார்கள் என்பதுதான் அந்தக் கதை. அந்த நினைவில் இன்றைக்கும் இலையில் மடித்த 'சோங்ஸி' அரிசி உருண்டை சாப்பிடுகிறார்கள்.

சீனாவுக்குள்ளேயே எல்லா ஊரிலும் இதே கதை கிடையாது. சுஜோ பகுதியில் இந்த நாளை வூ ஸிஷூ என்ற வேறொருவரின் நினைவாகக் கொண்டாடுகிறார்கள். 2008 முதல் இது சீனாவில் அரசு விடுமுறை. 2009-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விளையாட்டாக இது உலகம் சுற்றத் தொடங்கியது 1976-ல், ஹாங்காங்கில். சுற்றுலா வளர்ச்சிக்காக நடத்தப்பட்ட அந்தப் போட்டிக்கு உள்ளூர் அணிகளோடு ஜப்பானின் நாகசாகியில் இருந்து ஒரு அணியை அழைத்தார்கள். அதாவது, வெளியூர்க்காரர்களை ஈர்க்கும் ஒரு காட்சியாகத்தான் நவீன டிராகன் படகுப் போட்டி பிறந்தது. 1991-ல் சர்வதேச டிராகன் படகுக் கூட்டமைப்பு உருவானது. 1995-ல் சீனாவின் யுவேயாங்கில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. விதிமுறை, தடம், நேரக் கணக்கு எல்லாம் வந்துவிட்டது. ஆனால் கேமரா பார்வை மட்டும் பெரும்பாலும் 1976-லேயே நிற்கிறது. டிராகன் தலை, முரசு, வண்ணக்கொடி.. அவ்வளவுதான்.

அரசியல் வந்தா தலைப்புச் செய்தி

2010 குவாங்ஜோ ஆசிய போட்டியில்தான் டிராகன் படகு முதல்முறையாகப் பதக்கப் போட்டியானது. அதில் ஆண்கள் பிரிவின் மூன்று தங்கத்தையும் அள்ளியது இந்தோனேசியா. போட்டி கண்டுபிடித்த சீனாவின் மண்ணிலேயே! விளையாட்டாகப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சம்பவம்? ஆனால் 2018 கொரிய வெற்றிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

கொரிய கூட்டு அணி ஒன்றாகப் பயிற்சி எடுத்தது ஏறத்தாழ மூன்று வாரம்தான். தனித்தனியாகப் பழகியவர்கள் அந்த மூன்று வாரத்தில் ஒரே தாளத்துக்கு வந்து, சீனாவைத் தோற்கடித்தார்கள். உண்மையான விளையாட்டுக் கதை அதில்தான் இருந்தது. செய்திகளில் கொடியும் பாடலும் கண்ணீரும் முன்னால் நின்றன. துடுப்பு பின்னால் போய்விட்டது.

விபத்து நடந்தா ஒருநாள் பரபரப்பு

2018 ஏப்ரல் 21. சீனாவின் குய்லின் நகரில், திருவிழாவுக்கான பயிற்சியின்போது இரண்டு டிராகன் படகுகள் கவிழ்ந்தன. 17 பேர் உயிரிழந்தார்கள். தடுப்பணை அருகே இருந்த நீர்ச்சுழலில் முதலில் ஒரு படகு சிக்கியது, அடுத்ததும் அங்கேயே கவிழ்ந்தது. வெளியான வீடியோக்களில் பெரும்பாலானவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் ஏன் ஆளை உள்ளே இழுக்கிறது, பயிற்சிக்கு லைஃப் ஜாக்கெட் ஏன் கட்டாயம் வேண்டும் என்பதை விளக்கிய செய்திகள் அந்த அளவுக்குப் பரவவில்லை. பதற வைக்கும் காட்சி ஒருநாளில் ஓய்ந்துவிடும். அடுத்த படகில் ஏறப் போகிறவருக்கு உதவுவது அந்த விளக்கம்தான்.

வைரல் ஆனா எல்லாரும் பார்ப்பாங்க!

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. காரணம் ட்ரோனும் மொபைலும்.

சீனாவின் ஃபோஷான் நகரில் தியெஜியாவ் என்ற பகுதி. வீடுகளுக்கு நடுவே ஓடும் குறுகலான கால்வாய்கள். அதில் எஸ், சி, எல் எழுத்துகள் மாதிரி வளைவுகள். நீளமான டிராகன் படகை முழு வேகத்தில் அந்த வளைவில் திருப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கரையில் இடிக்கும். கார் ரேஸில் வருகிற 'டிரிஃப்ட்' மாதிரியே இருப்பதால் 'தண்ணீர் டிரிஃப்ட்' என்று இணையத்தில் பிரபலமானது. மேலே இருந்து ட்ரோன் எடுத்த காட்சியைப் பார்த்தால், எந்த வரிசை எந்த நொடியில் துடுப்பை மாற்றுகிறது என்பதுகூடத் தெளிவாகத் தெரியும். வளைவு இருப்பதால் திறமை கண்ணுக்குத் தெரிகிறது. நேர்க்கோட்டு ரேஸில் கிடைக்காதது இதுதான்.

2025-ல் இன்னொரு வைரலும் வந்தது. ஓடும் படகின் முனையில் நின்று அலட்டிக்கொள்ளாமல் ஆடிய 11 வயது சிறுவன் ஞாபகம் இருக்கா? 'ஆரா ஃபார்மிங்' என்று உலகமே ரீல்ஸ் போட்டதே! அது டிராகன் படகு இல்லை. இந்தோனேசியாவின் ரியாவ் மாகாணத்தில் நடக்கும் 'பாச்சு ஜாலூர்' படகுப் போட்டி. அங்கேயும் அதேதான். சிறுவன் உலகப் புகழ் பெற்றான். அவனுக்குப் பின்னால் உயிரைக் கொடுத்துத் துடுப்பு போட்டவர்களை யாரும் கவனிக்கவில்லை.

கேமராவுக்கு என்ன கஷ்டம்?

எல்லாப் பழியையும் ஊடகத்தின் மேல் போட முடியாது. இந்த விளையாட்டைப் படம் பிடிப்பது உண்மையிலேயே கஷ்டம்.

முதலாவது, இதில் ஸ்டார் கிடையாது. கிரிக்கெட்டில் ஒரு முகத்தை குளோசப் காட்டிவிடலாம். இங்கே 20 பேரும் ஒரே மாதிரி அசைந்தால்தான் வெற்றி. தனியாகத் தெரிகிற ஒருவர் இருந்தால், அநேகமாக அவர் தப்பாகத் துடுப்பு போடுகிறார் என்று அர்த்தம்!

இரண்டாவது, கேமரா கோணம். கரையில் இருந்து பார்த்தால் ஆறு தடத்துப் படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கேமரா எல்லைக் கோட்டுக்கு நேராக இல்லை என்றால், பின்தங்கிய படகுகூட முன்னால் இருப்பது போலத் தோன்றும்.

மூன்றாவது, நேரம். வர்ணனையாளர் அணிகளின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி ரேஸ் முடிந்துவிடும்.

இதற்கு தைவானில் ஒரு அழகான வழி உண்டு. அங்கே சில போட்டிகளில் படகின் தலைப்பக்கம் ஒருவர் படுத்தபடி முன்னால் நீட்டி, முடிவில் நட்டிருக்கும் கொடியைப் பறிக்க வேண்டும். கொடி கையில் வந்தால்தான் ரேஸ் முடியும். யார் ஜெயித்தார் என்று பார்ப்பவர் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நம்ம பக்கத்துல கேரளா

இது வேறு வகைப் படகுதான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆலப்புழா புன்னமடை ஏரியில் நடக்கும் நேரு டிராபி பாம்புப் படகுப் போட்டியும் வெளியூருக்கு ஒரு சுற்றுலாக் காட்சிதான். ஆனால் உள்ளூர் மலையாள ஊடகங்களில் அது முழு விளையாட்டுச் செய்தி. எந்தப் படகு, எந்த கிளப், ஹீட்ஸில் என்ன நேரம் என்று அலசுவார்கள். 2019-ல் ஐபிஎல் பாணியில் 'சாம்பியன்ஸ் போட் லீக்' தொடங்கப்பட்டது.

2024 நேரு டிராபி இறுதியில் காரிச்சால் படகு 4 நிமிடம் 29.785 விநாடி. வீயபுரம் படகு 4 நிமிடம் 29.790 விநாடி. வித்தியாசம் 0.005 விநாடி! தோற்ற தரப்பு ஆட்சேபம் கிளப்ப, முடிவைப் பற்றிய விவாதம் நாள்கணக்கில் ஓடியது. ரேஸையே செய்தியாக்கினால் மக்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுவார்கள் என்பதற்கு இது உதாரணம்.

ஒரு படகு மாற்றிய மருத்துவ நம்பிக்கை

சரி, ரேஸைக் காட்டாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்? 1996-ல் கனடாவின் வான்கூவரில் நடந்ததைப் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை எடுத்த பெண்கள் கைகளால் கடினமான வேலை செய்யக் கூடாது, செய்தால் 'லிம்ஃபிடீமா' என்ற கை வீக்கம் வரும் என்பது அப்போதைய பொதுவான நம்பிக்கை. விளையாட்டு மருத்துவரான டான் மெக்கென்சி இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். சிகிச்சை முடித்த 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றினார். புதிதாக யாருக்கும் கை வீக்கம் வரவில்லை. 1998-ல் கனடா மருத்துவ சங்க இதழில் இதை எழுதினார்.

24 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பிங்க் உடையில் ரேஸ் விட்ட அந்தப் பெண்களைப் பார்த்து, ஊர் ஊராக அணிகள் தொடங்கின. இன்று உலகம் முழுக்க இப்படி 300-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. 'பாவம், நோயாளிகள்' என்று காட்டாமல், துடுப்பு போடும் கைகளைக் காட்டியதால் கிடைத்த பலன் இது. (சிகிச்சை எடுத்தவர்கள் எந்த உடற்பயிற்சியையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.)

ஒலிம்பிக்குக்கு எப்போ?

டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டிராகன் படகு காட்சி நிகழ்வாக இடம்பெற்றது. பதக்கம் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வதேச டிராகன் படகுக் கூட்டமைப்பு ஒரு உலக சாம்பியன்ஷிப் நடத்துகிறது. சர்வதேச கனோயிங் கூட்டமைப்பு தனியாக இன்னொன்று நடத்துகிறது. 'உலக சாம்பியன்' என்று செய்தி வந்தால், எந்த சாம்பியன்ஷிப் என்று பார்ப்பது நல்லது.

புதிய விளையாட்டைச் சேர்க்கும்போது எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதையும் ஒலிம்பிக் கமிட்டி கவனிக்கும். அதனால் ஒளிபரப்பு என்பது இந்த விளையாட்டுக்கு விளம்பரம் மட்டும் இல்லை, எதிர்காலமே அதில் இருக்கிறது.

அடுத்த முறை பார்க்கும்போது இதைக் கவனிங்க!

• முன்வரிசை இருவர்: முரசு அடிப்பவர்தான் வேகத்தை முடிவு செய்கிறார் என்று நினைப்போம். உண்மையில் முன்வரிசை ஜோடிதான் தாளத்தை வைக்கும். முரசு அதைப் பார்த்து அடித்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கடத்தும்.

• நடு வரிசைகள்: பொதுவாக பலசாலிகள் இங்கேதான். படகின் 'இன்ஜின்' இதுதான்.

• துடுப்புகள் தண்ணீரில் இறங்கும் நொடி: 20 துடுப்பும் ஒன்றாக இறங்குகிறதா? பின்வரிசை தாமதமானால் படகு தள்ளாடும்.

• கடைசி 100 மீட்டர்: களைப்பில் துடுப்பு போடும் வேகம் கூடும், ஆனால் இழுக்கும் நீளம் குறையும். நீளம் குறையாமல் வேகத்தைக் கூட்டும் அணிக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த நாலையும் தெரிஞ்சுகிட்டுப் பார்த்தீங்கன்னா, டிராகன் தலையைத் தாண்டி கண்ணு தானா துடுப்புக்குப் போயிடும்.