வீடு கப்பலேறும் நாள்

சத்தம் போடாமல் என் பின்னால் வாங்க! பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அக்கா வீடு. அக்கா, மாமா, பிள்ளைகள் இரண்டு பேர் என்று மொத்தக் குடும்பமும் மெல்போர்னுக்குக் குடிபோகிறது. இன்றைக்கு மூட்டை கட்டும் நாள். விருந்தாளியாக எத்தனையோ முறை வந்திருக்கிறேன். இந்த வீட்டுப் பரணுக்குள் எட்டிப் பார்க்கும் பாக்கியம் இன்றைக்குத்தான் கிடைத்தது.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரையில் சாக்பீஸால் மூன்று வட்டங்கள்: ‘கப்பல்’, ‘விமானம்’, ‘தெரு’. முதலாவது கன்டெய்னருக்கு, இரண்டாவது சூட்கேஸுக்கு, மூன்றாவது அக்கம்பக்கத்துக்கு. எது எந்த வட்டம் என்று தீர்ப்புச் சொல்ல, முறத்தால் விசிறிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், சேலத்திலிருந்து வந்த அம்மா.

சர்ர்ர்... சர்ர்ர்... டேப் இழுக்கிற சத்தத்தில் வீடே அதிர்கிறது. மூட்டை கட்ட வந்த ஆறு பேருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. “ஜோபானா, ஜோபானா” என்று கன்னடத்தில் எச்சரித்தபடி மேஸ்திரி ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போடுகிறார். வேகமென்றால் அப்படியொரு வேகம்! குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டி, 31ஆம் நம்பரும் போட்டாகிவிட்டது. பெரியவள் கண்டுபிடித்துக் கத்த, மேஸ்திரி உட்பட எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சமையலறையில் அடுத்த கூத்து. குக்கர் 38ஆம் பெட்டிக்குள். அதன் வெயிட் மட்டும் சிங்க்கில். பிரி பெட்டியை!

மிக்ஸியும் கோவை கிரைண்டரும் வாசலில் காத்திருந்தன. “அங்கயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாத்தினா போதும்!” என்று மாமா அறிவித்தார். அமெரிக்காவாக இருந்தால் 120 வோல்ட். இரண்டும் இங்கேயே தங்கியிருக்கும். அக்கா கிரைண்டரைத் தடவிக் கொடுத்து ‘கப்பல்’ வட்டத்துக்குள் நகர்த்தினாள்.

பால்கனிக்கு வாங்க. பழைய டூத்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சின்னவன் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுகிறான். சைக்கிள் டயர்கள் குளித்து முடித்துவிட்டன. மண், விதை, வைக்கோல் எதிலாவது ஒளிந்து பூச்சியும் பயிர்நோயும் வந்துவிடக் கூடாது என்று ஆஸ்திரேலியாவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதிப்பார்களாம்.

அந்த நேரம் பார்த்துப் பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கியது. மூடியைத் திறந்தால் ஒரே வைக்கோல்! அம்மா ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, ஊதி, துடைத்து, தன் பழைய வாயில் சேலைகளில் சுற்றினார். செட்டியார் பொம்மையின் முறை வந்தது. அவர் கடையில் கட்டைவிரல் அளவுச் சாக்குகளில் நிஜத் துவரம்பருப்பு, நிஜ உளுந்து! சின்னவன் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்தான். “அங்க போய்ப் புதுச் சரக்கு போட்டுக்கலாம் பாட்டி” என்றான். அம்மா பதில் சொல்லாமல் அவன் தலையைக் கோதிவிட்டார்.

தட்டெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதே, மதியச் சாப்பாடு? எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு தூக்கு நிறையப் பிசிபேளே பாத்தும் வாழையிலைகளும் கொண்டுவந்தார். மேஸ்திரி, ஆட்கள், நாங்கள் எல்லோரும் தரையில் ஒரே பந்தி. நெய் மணந்த அந்த அரைமணி நேரம் யாரும் டேப்பைத் தொடவில்லை.

சாயங்காலம் இரண்டு குட்டியானைகள் வந்தன. கன்டெய்னர் லாரி இந்தச் சந்தில் திரும்பாது. இங்கிருந்து ஒயிட்ஃபீல்டு சரக்கு முனையம், அங்கே 20 அடிப் பெட்டிக்குள் ஏறி, ரயிலில் சென்னைத் துறைமுகம், அப்புறம் நீலக் கடல்.

‘தெரு’ வட்டத்தில் மிச்சம் நின்றவை மண்ணும் விதையும் நாரும் ஒட்டிய பொருள்கள். ஆவக்காய் ஜாடி மாடிவீட்டுக்கு. முறம் பூக்காரம்மாவுக்கு. துளசித் தொட்டியும் தென்னந்துடைப்பமும் எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு. “தினமும் காலைல ஒரு சொம்பு தண்ணி போதும் ஆன்ட்டி” என்று சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது.

வண்டிகள் கிளம்பின. சந்து முனை திரும்பும்வரை கையசைத்துவிட்டு நாங்கள் திரும்பிப் பார்த்தோம். வாசலில் சிதறிக் கிடந்த அட்டைத் துண்டுகளை ஆன்ட்டி கூட்டிக்கொண்டிருந்தார், அக்காவின் துடைப்பத்தால்.